திரையில் புலி பாய்கிறது, போர்டு கையை விரிக்கிறது!

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று என்றால் நம் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். பிள்ளை சுவரொட்டியைக் காட்டி, “இந்தப் பொம்மைப் படத்துக்குப் போலாமுங்கப்பா” என்று நச்சரிக்கும். போகலாமா, கூடாதா? திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் தாய்க்கும், சோமனூரில் நாளெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் நிற்கும் தகப்பனுக்கும் இதைத் தீர்மானிக்க யார் உதவுகிறார்கள்?

சர்க்காரைக் கேட்டால் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டுகிறது. படக் கம்பெனியைக் கேட்டால் “குடும்பத்தோடு வாருங்கள்” என்கிறது. பத்திரிகையைப் புரட்டினால் மூன்று நட்சத்திரம், மூன்றரை நட்சத்திரம் என்று போட்டிருக்கிறார்கள். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளையின் தாய் என்ன செய்வாள்?

கூலியையும் போனஸையும் பஞ்சப்படியையும் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பொம்மைப் படம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு குழந்தை இருட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொள்வது சின்ன சமாசாரம் அல்ல. அதற்குத் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்துதான் பணம் போகிறது என்பதும் சின்ன சமாசாரம் அல்ல.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் காற்றில் கத்தி வீசியது போலாகும். ஆகையால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அது 2016-ல் வந்த ‘தி ஜங்கிள் புக்’. அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனி எடுத்து, தமிழிலும் பேசவிட்டு, நம் ஊர்த் தியேட்டர்களில் ஓட்டிய காட்டுப் படம். அதுவரை இந்தியாவில் ஓடிய ஹாலிவுட் படங்களையெல்லாம் வசூலில் மிஞ்சிய படம். இன்று தியேட்டரை விட்டு இறங்கி டி.வி.க்கும் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு லீவிலும் புதிதாக ஒரு வயதுப் பிள்ளைகள் அதன் முன்னால் உட்காருகிறார்கள். இந்தப் படத்தை வைத்து நடந்த கூத்தைப் பார்த்தால் மற்றப் படங்களின் கதையும் விளங்கிவிடும்.

சிரித்தவர்களும் சிரிக்கப்பட்டவர்களும்

அந்தப் படம் 2016 ஏப்ரல் 8-ந் தேதி இந்தியாவில் வெளியாயிற்று. அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே நமக்குக் காட்டினார்கள். நம் மீது அவ்வளவு பிரியம்! சென்ஸார் போர்டு அதற்கு ‘யு/ஏ’ சர்டிபிகேட் கொடுத்தது. அதாவது, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டும். அப்போது போர்டின் தலைவராக இருந்த பஹ்லாஜ் நிஹலானி காரணமும் சொன்னார். முப்பரிமாணக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மிருகங்கள் ஜனங்கள் மேலேயே பாய்வது போல இருக்கிறது, குழந்தைகள் பயப்படும் என்றார்.

உடனே பம்பாய், டில்லி கனவான்களின் பத்திரிகைகளில் ஒரே சிரிப்பு. குழந்தைகளுக்காக எழுதிய கதைக்கே யு/ஏ-வா என்று கேலி. 1990-களில் தூர்தர்ஷனில் ஜப்பானியப் பொம்மைத் தொடராக வந்த மௌக்லியைப் பார்த்து வளர்ந்தவர்கள், நாங்களெல்லாம் பயந்தா செத்துப் போனோம் என்று எழுதினார்கள். அதே படத்துக்கு அமெரிக்காவிலும் பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் என்றுதான் சர்டிபிகேட் கொடுத்திருந்தார்கள். அதை இந்தக் கேலிக்காரர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்? அமெரிக்காக்காரன் எச்சரித்தால் பொறுப்பு, நம்மவர் எச்சரித்தால் பத்தாம்பசலித்தனம்! இது என்ன நியாயம்?

அந்த போர்டின் பல வெட்டுக்களை நாமும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் போர்டு எட்டிய முடிவு தவறல்ல. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. பயம் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் போர்டு பார்க்கவில்லை. எந்தக் காட்சி, எந்த வயதுக்கு, ஏன் என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. இரண்டு எழுத்தைக் குத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டது. ‘வழிகாட்டுதல்’ என்கிறார்களே, வழி தெரிந்தவனல்லவா வழி காட்ட முடியும்?

எண் வந்தது, காரணம் வரவில்லை

இப்போது சட்டத்தைத் திருத்திவிட்டோம் என்று சர்க்கார் பெருமையடித்துக் கொள்கிறது. 1952-ம் வருஷத்துச் சினிமாச் சட்டத்தை 2023-ல் திருத்தினார்கள், 2024-ல் புதிய விதிகளும் வந்தன. பழைய யு/ஏ மூன்றாகப் பிரிந்தது. ஏழு வயதுக்கு மேல், பதிமூன்று வயதுக்கு மேல், பதினாறு வயதுக்கு மேல் என்று இப்போது சுவரொட்டியில் எண் போடுகிறார்கள். நல்லதுதான். நான்கு வயதுக் குழந்தையையும் பதினோரு வயதுப் பையனையும் ஒரே பட்டியில் அடைத்து வைத்திருந்த பழைய ஏற்பாட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் சூட்சுமம் எங்கே இருக்கிறது பாருங்கள். இந்த எண்கள் வெறும் சிபாரிசு. ‘ஏ’ சர்டிபிகேட் படத்துக்குச் சிறுவனை உள்ளே விட்டால் குற்றம். யு/ஏ 13+ படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையோடு போனால் யாரும் தடுக்க வேண்டியதில்லை, தீர்மானிக்க வேண்டியவர் பெற்றோர்தான் என்று சட்டமே ஒதுங்கிக்கொள்கிறது.

தத்துவமாக இதை நாம் எதிர்க்கவில்லை. தியேட்டர் வாசலில் போலீஸ்காரனை நிறுத்திப் பிள்ளையின் பிறப்புச் சர்டிபிகேட்டைக் கேட்கச் சொல்வது நம் கோரிக்கையல்ல. தன் பிள்ளையைத் தாயைவிட அறிந்தவர் யார்? கேள்வி அதுவல்ல. தீர்மானிக்கும் பொறுப்பை அவள் தலையில் ஏற்றிவிட்டு, தீர்மானிக்கத் தேவையான தகவலை அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை? மருந்து பாட்டிலில் ‘ஏழு வயதுக்கு மேல்’ என்று மட்டும் எழுதி, உள்ளே என்ன மருந்து என்று எழுதாமல் விட்டால் ஒப்புக்கொள்வோமா? பிரிட்டனில் இதே வேலையைச் செய்யும் அமைப்பு ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிப் பொதுஜனங்கள் பார்க்க வெளியிடுகிறது. நம் ஊர்ச் சுவரொட்டியில் எண் இருக்கிறது, காரணம் இல்லை.

கைப்பேசியில் வரும் படங்களின் கதை இதைவிட விசித்திரம். அங்கே 2021-ம் வருஷத்து விதிகளின்படி வயதையும் போட வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பும் போட வேண்டும். சபாஷ் என்று சொல்லலாம் என்றால், அதைப் போடுகிறவர் யார்? படத்தை விற்கிற கம்பெனியே! எடை போடுகிறவனும் அவனே, தராசும் அவனுடையதே.

இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் வழிகாட்ட வேண்டுமானால் பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும். காலை ஷிப்டுக்குப் போனவர் ஓவர்டைம் முடித்து இரவு பத்து மணிக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமையும் ஆர்டர் அவசரம் என்று கூப்பிடுகிறார்கள். பிள்ளை பன்னிரண்டு வயது அக்காவோடு தியேட்டருக்குப் போகிறது, அல்லது மூலையில் கைப்பேசியோடு உட்காருகிறது. சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பி, சோபாவில் சாய்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் தகப்பன்தான் இருந்திருக்கிறான். அவிநாசி ரோட்டில் அப்படிச் சிலர் இருக்கலாம். சட்டம் அவர்களுக்கு மட்டும்தானா?

படத்தில் என்ன இருக்கிறது?

போர்டு சொல்லாததை நாம் சொல்வோம். மௌக்லி என்ற மனிதக் குழந்தையை ஓநாய்கள் வளர்க்கின்றன. ஷேர் கான் என்ற புலி அவனைக் கொல்லத் துடிக்கிறது. பகீரா என்ற கருஞ்சிறுத்தை அவனை மனிதர்களின் கிராமத்தில் சேர்க்கப் பார்க்கிறது. வழியில் பாலு என்ற கரடியோடு சிநேகம், குரங்கு ராஜாவோடு மோதல். இதுதான் கதை. ஜான் ஃபேவ்ரோ இயக்கிய படம். திரையில் ரத்தமும் சதையுமாக இருப்பது ஏறக்குறைய நீல் சேத்தி என்ற ஒரு பையன் மட்டுமே. புலியும் கரடியும் மரமும் மழையும் கம்ப்யூட்டரில் வரைந்தவை. மொத்தக் காடும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் முளைத்தது! வேலைத் திறமையைக் குறை சொல்வதற்கில்லை. புலியின் தோளில் சதை அசைவதைக் கூட வரைந்திருக்கிறார்கள்.

இங்கேதான் பெற்றோர் ஏமாறும் இடம். டிஸ்னி 1967-ல் எடுத்த பழைய ஜங்கிள் புக் கோடு போட்டு வர்ணம் அடித்த பொம்மைப் படம். அதில் புலி உறுமினாலும் அது சித்திரம் என்று குழந்தைக்குத் தெரியும். 2016-ம் வருஷத்துப் புலி சித்திரமாகத் தெரியாது, புலியாகவே தெரியும். இரண்டுக்கும் பெயர் ஒன்று, கம்பெனி ஒன்று. ‘பொம்மைப் படம் என்றால் குழந்தைப் படம்’ என்று நாம் பழகிவிட்ட பழக்கத்தை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

பயமுறுத்தும் இடங்கள் எவை? உயர்ந்த புல்வெளியில் புலி திடீரென்று பையன் மேல் பாய்கிறது, பகீரா குறுக்கே விழுந்து சண்டை போடுகிறது. மூடுபனியில் மலைப்பாம்பு ‘கா’ இனிமையாகப் பேசிக்கொண்டே அவனைச் சுற்றி இறுக்குகிறது. அந்த இடத்திலேயே, மௌக்லியின் தகப்பனைப் புலி ஒரு குகையில் கொன்ற பழைய கதையும் வருகிறது. நம் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் கடுமையானது ஓநாய்த் தலைவன் அகேலாவின் சாவு. ஷேர் கான் சாவதானமாகப் பேசிக்கொண்டே இருந்து, சட்டென்று அகேலாவைக் கவ்விப் பாறையிலிருந்து வீசிவிடுகிறது. ரத்தம் காட்டவில்லை, ஆனால் பெரியவர்களே ஒரு கணம் திடுக்கிடுவார்கள். தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவரை ஒரு நொடியில் இழப்பது எப்படி என்று அந்த இடம் குழந்தைக்குச் சொல்கிறது. சமீபத்தில் வீட்டில் சாவு கண்ட பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று எந்த எண்ணும் சொல்லாது. கடைசியில் காடு தீப்பற்றி எரிய, காய்ந்த மரக்கிளை முறிந்து புலி நெருப்பில் விழுகிறது.

ஒரே படம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே படமாக இருப்பதில்லை. பகீராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பீளமேட்டுப் பிள்ளைக்கு அது அழகான, அன்பான கருஞ்சிறுத்தை. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைக்கு? 2025 ஜூன் மாதம் அங்கே ஒரு தோட்டத்தில், ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் சின்னப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றது. இருட்டிய பிறகு கக்கூசுக்குக் கூடத் தனியாகப் போகாதே என்று சொல்லி வளர்க்கும் இடம் அது. அந்தப் பிள்ளையும் பீளமேட்டுப் பிள்ளையும் ஒரே திரையில் ஒரே மிருகத்தைப் பார்ப்பார்களா? பம்பாயில் உட்கார்ந்திருக்கும் போர்டுக்கு இது தெரிய நியாயமில்லை, தாய்க்குத் தெரியும். அதனால்தான் தாயிடம் தகவலைக் கொடு என்கிறோம்.

ஜனங்கள் இல்லாத காடு

பயம் ஓர் இரவில் தெளிந்துவிடும், பக்கத்தில் பாட்டி படுத்திருந்தால் போதும். பயத்தைவிட நீண்ட நாள் பிள்ளை மனத்தில் தங்குவது வேறொன்று. அதைப் பற்றி போர்டும் பேசவில்லை, போர்டைப் பார்த்துச் சிரித்தவர்களும் பேசவில்லை.

இந்தப் படத்துக் காட்டில் ஜனங்கள் இல்லை. மனிதர்கள் எங்கோ தூரத்தில், நெருப்பைச் சுற்றி, இருட்டில் நிழல்களாகத் தெரிகிறார்கள். அவர்களுக்கு முகமில்லை, பேச்சில்லை. மனிதன் என்றால் நெருப்பு, நெருப்பு என்றால் நாசம் என்பதே காட்டு மிருகங்களின் பயம்.

இது யார் கண்ணால் பார்த்த காடு? கதையை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். 1865-ல் பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர். ‘வெள்ளைக்காரன் சுமை’ என்று ஏகாதிபத்தியத்துக்குப் பாட்டு எழுதியவர். 1919-ல் ஜாலியன்வாலா பாகில் சுட்டுக் குவித்த ஜெனரல் டயருக்காக லண்டன் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகை நிதி திரட்டியபோது பணம் கொடுத்தவர். இந்தக் கதைகளை அவர் எழுதியது அமெரிக்காவில் வெர்மாண்ட் என்ற பனிப் பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு. புத்தகம் 1894-ல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் வெளிவந்த ஒரு கதையில் வளர்ந்த மௌக்லி வருகிறான். என்ன ஆகிறான் தெரியுமா? வெள்ளைக்கார வன அதிகாரியின் கீழ் வனத்துறையில் சம்பளத்துக்குச் சேர்கிறான், பென்ஷனும் உண்டு! காட்டில் பிறந்தவனுக்கு, அந்தக் காட்டைப் பிடுங்கிக்கொண்ட இலாகாவிலேயே உத்தியோகம். ஏகாதிபத்தியவாதி கண்ட கனவு இதுதான்.

அதே காலத்தில் நம் ஆனைமலையில் என்ன நடந்தது? 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த ஜனங்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். மலையுச்சியில் தேக்கை வெட்டிச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கிப்ளிங்கின் புத்தகம் அச்சாகி இரண்டு மூன்று வருஷத்துக்குள் வால்பாறைப் பக்கம் காட்டை அழித்துத் தோட்டம் போட வெள்ளைக்காரத் துரைமார்கள் வந்து இறங்கிவிட்டார்கள். தேக்கை வெட்டியதும் சோலையை அழித்ததும் யார்? காடரும் மலசரும் இருளருமா? ஜனங்களே இல்லாத காடு என்ற கற்பனை யாருக்குச் சௌகரியம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இது பழங்கதை அல்ல. 2019 மழையில் மண் சரிந்து குடியிருப்பை இழந்த வால்பாறைக் கல்லார்குடிக் காடர் மக்கள், தெப்பக்குளமேட்டில் குடியேறும் உரிமைக்காக இரண்டு வருஷம் போராடினார்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் கையில் இருந்தும் 2021-ல்தான் அவர்களுக்குப் பட்டா கிடைத்தது. ஜனங்கள் இல்லாத காடே நல்ல காடு என்று சிறு வயதிலேயே படித்துக்கொண்ட பிள்ளை, நாளை பெரியவனாகி இந்தக் காடர்களைப் பார்த்து என்ன கேட்பான்? “இவர்கள் ஏன் காட்டுக்குள் இருக்கிறார்கள்?” என்றுதானே கேட்பான்.

யானைக்கும் இதே கதிதான். படத்தில் யானைகள் தெய்வங்கள், காட்டைப் படைத்தவை, அவை நடந்து வந்தால் எல்லா மிருகமும் தலை வணங்கும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு யானையைத் தெரியும். அதன் பெயர் சின்னத்தம்பி. 2019 ஜனவரியில் தடாகம் பள்ளத்தாக்கில் அதைப் பிடித்து லாரியில் ஏற்றி டாப்சிலிப் பக்கம் வரகளியாறில் விட்டார்கள். அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடந்து உடுமலைப் பக்கம் வந்து கரும்புக் காட்டில் நின்றது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பிப்ரவரியில் கோர்ட் உத்தரவின் பேரில் மறுபடி பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். யானை ஏன் ஊருக்குள் வந்தது? வழிவழியாக நடந்த தடத்தில் செங்கல் சூளைகளும் கல்லூரிக் கட்டிடங்களும் ஆசிரமங்களும் ரிசார்ட்டுகளும் முளைத்ததால் வந்தது. தடாகத்தில் அனுமதியில்லாத சூளைகளை 2021-ல்தான் இழுத்து மூடினார்கள். டிஸ்னியின் யானைக்குத் தலை வணங்கிவிட்டு வெளியே வரும் பிள்ளை, “சின்னத்தம்பி பாதையை மறிச்சது யாருங்கப்பா?” என்று கேட்டால் தகப்பன் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பதில் படத்தில் இல்லை.

படத்தில் நல்லதே இல்லையா? இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. மௌக்லி கயிறு திரிக்கிறான், கொட்டாங்குச்சி மாதிரி ஒன்றில் தண்ணீர் மொள்ளுகிறான், உயரத்திலிருக்கும் தேனடையை இறக்க ஏற்பாடு செய்கிறான். “ஓநாய் அப்படிச் செய்யாது” என்று காட்டில் பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். குழியில் விழுந்த யானைக்குட்டியை அவன் தன் கயிற்றைக் கொண்டு வெளியே எடுக்கும்போதுதான், அவன் கையும் கருவியும் கேடல்ல என்று அவர்களுக்கு விளங்குகிறது. கடைசியில் நீ ஓநாய் மாதிரி சண்டை போட வேண்டாம், மனிதனாகவே போராடு என்கிறார்கள். உழைப்பும் கருவியும் மனிதனை எப்படி மனிதனாக்கின என்று ஏங்கல்ஸ் 1876-ல் எழுதிய கட்டுரையை டிஸ்னி கம்பெனி படித்திருக்காது. தெரியாமலே நல்ல இடத்தில் போய் முட்டியிருக்கிறது! தறியும் லேத்தும் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு இந்த இடத்தைத் தனியே சுட்டிக் காட்ட வேண்டும்.

ஆகவே நமது யோசனை

ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். அழுது அடம் பிடித்தால் 1967-ம் வருஷத்துப் பொம்மைப் படத்தைக் காட்டுங்கள், அதில் பாட்டும் கூத்தும் அதிகம், பயம் குறைவு. ஏழிலிருந்து பத்து வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயது அக்காளைப் பெரியவராகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவளும் பிள்ளைதான். வீட்டில் பார்ப்பதென்றால் பகலில், விளக்கைப் போட்டுக்கொண்டு, டி.வி.யில் பார்ப்பது மேல். கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போக வேண்டாம். இம்மாதிரிப் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தால் முப்பரிமாணக் காட்சியைத் தவிர்த்துச் சாதாரணக் காட்சிக்குப் போங்கள், கண்ணாடி வாடகையும் மிச்சம். நடைபாதை ஓர சீட்டாகப் பார்த்து உட்காருங்கள். பிள்ளை பயந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வர வெட்கப்பட வேண்டியதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அவர்களிடம்தான் காட்டில் ஜனங்கள் எங்கே என்ற பேச்சை எடுக்க வேண்டும், அவர்களுக்குத்தான் அது புரியும்.

காட்டுப் படம் நமக்குப் புதிதல்ல. 1952-லேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து காட்டுப் படம் எடுத்தது. நம் யானைகளுக்கு ரோமம் ஒட்டி ஆதிகால மாம்மூத் ஆக்கி ஓடவிட்டார்கள். பார்த்தால் இன்று சிரிப்பு வரும், ஆனால் எந்தப் பிள்ளையும் இரவில் அலறியிருக்காது! கோவை ராமநாதபுரத்து சின்னப்பா தேவர் யானையையும் பாம்பையும் நடிக்க வைத்தே இந்தி வரைக்கும் போனார். 1942-ல் ஹாலிவுட்டில் மௌக்லியாக நடித்த சாபுவும் மைசூர்ச் சீமையில் யானைப் பாகன் வீட்டுப் பிள்ளைதான். இந்தப் படங்களையெல்லாம் நாம் புகழ வரவில்லை, அவற்றிலும் வியாபாரம் இருந்தது. சந்தோஷ் சிவன் 1998-ல் தமிழில் எடுத்த ‘மல்லி’யை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டில் விறகு பொறுக்கும் ஏழைச் சிறுமியின் கதை அது. அந்தக் காட்டில் ஜனங்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு முகம் இருக்கிறது, வயிறும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? எந்தத் தியேட்டரில் போடுகிறார்கள்?

இதற்கென்றுதான் 1955-ல் குழந்தைகள் திரைப்படச் சங்கம் என்று மத்திய சர்க்கார் ஒன்றை ஆரம்பித்தது. மறு வருஷமே ‘ஜல்தீப்’ என்ற சாகசப் படத்தை எடுத்தது. குறைகள் ஆயிரம் இருந்தன. எடுத்த படங்கள் பெட்டியிலேயே தூங்கின, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது சொற்பம். நோய்க்கு வைத்தியம் செய்வதுதானே முறை? சர்க்கார் நோயாளியையே முடித்துவிட்டது. 2022-ல் அந்தச் சங்கத்தைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு கலந்து தனிப் பெயரில்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் பிள்ளைக்கு ஏற்ற படத்தைப் பெற்றோரே தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். மறு பக்கம் தேர்ந்தெடுப்பதற்கு டிஸ்னியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் செய்கிறார்கள்.

மாநில சர்க்கார் 2022-ல் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். பரீட்சை வருகிறது, புரொஜெக்டர் ரிப்பேர் என்று அதைத் தேய விடக் கூடாது. வால்பாறைத் தோட்டத்துப் பள்ளிக்கும், சத்தியமங்கலம் மலைமேல் பள்ளிக்கும் அது போய்ச் சேர வேண்டும். ‘மல்லி’ மாதிரிப் படங்களை அங்கே போட வேண்டும், படம் முடிந்ததும் ஆசிரியர் பிள்ளைகளைப் பேச விட வேண்டும்.

சென்ஸார் போர்டிடம் நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. யு/ஏ எண் போடுகிற ஒவ்வொரு படத்துக்கும் ஏன் அந்த எண் என்று நான்கு வரி தமிழில் எழுதட்டும். அந்த நான்கு வரியைச் சுவரொட்டியிலும் டிக்கெட் கவுண்டரிலும் ஒட்ட வேண்டும் என்று விதி செய்யட்டும். கைப்பேசியில் படம் விற்கும் கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்ளும் வயதை வெளியார் யாராவது சரிபார்க்கட்டும். மில் வாசலிலும் பனியன் கம்பெனி வாசலிலும் யூனியன் தோழர்கள் இதைப் பற்றிப் பேச வேண்டும். மாதர் சங்கங்கள் கையெழுத்து வாங்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி தொகுதிகளின் எம்.பி.க்கள் பார்லிமெண்டில் எழுந்து மந்திரியிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: குழந்தைகள் திரைப்படச் சங்கத்தைக் கலைத்துக் கலந்த பிறகு, தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தமிழில் எத்தனை படம் எடுத்தீர்கள், அவை எந்த ஊர்த் தியேட்டரில் ஓடின?